பதினேழு அங்குலம்

ஹெப்ரான்வில்லில் காடைப் பருவம் திறக்க
இன்னும் ஒன்பது நாள்.
லியாந்த்ரோ கான்ட்டு மாலை ஐந்துக்குக் கடைக்கு வருகிறார்.
கால் வீங்கியிருக்கும் நேரத்தில்தான்
பூட்ஸ் வாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.
தடித்த காலுறையைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

ஒடிலியா முதலில் எடுத்துப்போட்டது
முழங்கால் உறை.
பழைய ஷூவின் மேலேயே கட்டிக்கொள்ளலாம், விலை பாதி.
பானை வாங்குகிறவர்போல் தட்டிப் பார்க்கிறார்.
பாதத்துக்கு மேலே ஒரு இடைவெளி
வாய் திறந்தே கிடக்கிறது.
வேண்டாம்.

அடுத்தது தோல். அழகு.
கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு போகலாம்.
ஆனால் பல் ஏறுகிற தோலா, ஏறாத தோலா,
தோலைப் பார்த்து யார் சொல்வது?

மூன்றாவது நைலான்,
அடுக்கடுக்காய் இறுக்கி நெய்தது.
பதினேழு அங்குலம்.
"இது கடி வாங்கியது" என்று
கல்லாவுக்குக் கீழிருந்து
அதே ரகத்தில் ஒற்றைப் பூட்ஸ் ஒன்றைத் தூக்குகிறாள்.
கணுக்காலுக்கு நாலு விரல் மேலே
இரண்டு புள்ளி.
அவற்றுக்குக் கீழே காய்ந்த மஞ்சள்,
முட்டைக்கரு ஒழுகியதுபோல.
உள்ளே கைவிட்டுத் தடவுகிறார்.
வழவழப்பு.
இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை.

"யாருடையது?"
"வென்டெல் க்ராவ்ஸ். உங்கள் ஆள்தானே?
சத்தம் கேட்டுத் திரும்பியிருக்கிறார், அதற்குள்..."

தன் ஆள்தான்.
இருபத்தாறு பருவம்
பக்கத்தில் பக்கத்தில் நடந்தவர்கள்.

இழுப்பறையைத் திறந்து
அறுத்தெடுத்த வால்நுனி ஒன்றை எடுக்கிறாள்,
பதினோரு வளையம்.
பூட்ஸ் வாங்குகிறவர்களுக்கு
இதையும் ஆட்டிக் காட்டுவது கடை வழக்கம்.

அவள் மணிக்கட்டு துடிக்கிறது.
வளையல் துடிக்கிறது.
விரல்நுனியில் ஏதோ புகைபோல் கலங்குகிறது.
மின்விசிறியின் உறுமல் கேட்கிறது.
வெளியே லாரி ஒன்று போவது கேட்கிறது.
அவ்வளவுதான்.

"ரத்தமே உறைகிறதில்லை?" என்கிறாள்.
"உறைகிறது" என்கிறார்.

நாற்பது வருஷத் தோட்டாக்கள்
ஒவ்வொன்றும் போகிற போக்கில்
காதிலிருந்து ஒரு மெல்லிய ஒலியைக்
கவ்விக்கொண்டு போயிருக்கின்றன.
முதலில் சில்வண்டு.
பிறகு அடுப்பில் கெட்டில்.
பிறகு மகள் ரகசியம் சொல்கையில் வரும் "ஸ்".
கடைசியில் இது.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம்.
சங்கு என்ன செய்யும், பாவம்,
ஊத வேண்டியதை ஊதிவிட்டுத்தான் கடிக்கிறது.

அந்தப் பிராணிக்கும் வெளிக்காது கிடையாது.
நம் பழைய சொல் ஒன்று அதைக் கட்செவி என்கிறது:
கண்ணையே காதாகக் கொண்டது.
சீமைக் கருவேலத்தின் பங்காளிகள்
'சீமை' என்ற பட்டம் தேவைப்படாமல்
சொந்த மண்ணில் முள் விரித்திருக்கும் காட்டில்
கள்ளி நிழலில்
இரண்டு கட்செவிகள்
ஒன்றையொன்று பார்க்கத் தவறினால்?

"இதைவிட உயரம் இல்லையா?"
"அதற்கு மேல் உங்கள் இடுப்புதான்" என்று சிரிக்கிறாள்.
போட்டுக்கொண்டு கடைக்குள் நாலு நடை நடக்கிறார்.
கனம்.
விரல்களுக்கு முன்னால் ஒரு விரல் இடம்.
அடிப்பாகம் தடிமன்:
தரை சொல்வது எதுவும்
இனி காலுக்கும் ஏறாது.

பணம் கட்டிவிட்டு வண்டியில் உட்கார்ந்து
க்ராவ்ஸை அழைக்கிறார்.
கட்டைக் குரல், அது இன்னும் பிடிபடுகிறது.
"எது எடுத்தாய்?"
"உன்னுடையதேதான்."
"உனக்கு எதற்கு? கிலுகிலுப்பையை
வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே பிடித்துவிடுவாயே!"

வெயில் கண்ணாடியில் சரிகிறது.
பெட்டியின் மூடியைத் திறந்து, மூடி,
லியாந்த்ரோ சொல்கிறார்:
"இந்த வருஷம் என் இடப்பக்கம் நட.
எனக்கு ஒரு எட்டு முன்னால்."

ஏன் என்று க்ராவ்ஸ் கேட்கவில்லை.
அல்லது
கேட்டது இவருக்குக் கேட்கவில்லை.