இரண்டு உப்பு

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு
ஓட்டேரி சந்தையில் ஒரு புடலங்காய் வாங்கினேன்.
மேலெல்லாம் வெள்ளை மாவு பூத்து
என் இடுப்புயரம் இருந்தது.
பைக்குள் அடங்காமல்
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது.
"ரெண்டு பேரும் எங்க சார் போறீங்க?" என்றார்
சிக்னலில் நின்ற ஆட்டோக்காரர்.

அல்லிக்கு எட்டரைதான் ராச்சாப்பாடு.
கீழ்ப்பாக்கத்தில் விடிய விடிய வார்டு பார்த்துவிட்டு
ஊர் இட்லிக்கு உட்காரும்போது
அவள் சோற்றுக்கு உட்காருவாள்.

வாரத்தில் ஆறு நாள்
பேட்டர்ஸ் ரோடு கடையில் பேரிங் எண்ணுகிற கை இது.
ஞாயிறு மட்டும் காய் நறுக்கும்.
நீளவாக்கில் பிளந்து
உள்ளிருக்கும் பஞ்சை விரலால் வழித்து
அரை வட்டம் அரை வட்டமாய்.
குக்கரில் சோறு முன்னமே ஆகிவிட்டது.
அடுப்பில் பாசிப்பருப்பு
நுரையைத் தள்ளிக்கொண்டு மலர்கிற நேரம்
காயைப் போட்டேன்.
ஒரு கொதி.

நீலம் சுருங்கியது.
மஞ்சளாயிற்று.
பக்.

சிலிண்டரைத் தட்டினேன். சாய்த்தேன்.
காதை வைத்தும் கேட்டேன்.
இரண்டாவது சிலிண்டர் எங்கள் வீட்டில்
இரண்டாவது பெட்ரூம் மாதிரி.
பேச்சில் மட்டும் உண்டு.

கரித்துணியால் சட்டியின் காதுகளைப் பிடித்து
இரண்டு மாடி இறங்கினேன்.
மூடி ஒவ்வொரு படிக்கும் ஒரு வார்த்தை பேசியது.
முதல் மாடியில் செருப்பு தேடிக்கொண்டிருந்த பையன்
"அங்கிள், எங்க வீட்டுக்கா?" என்றான்.

ஜைத்தூன் அக்கா ஒன்றும் கேட்கவில்லை.
வெங்காயம் பாதி சிவந்திருந்த தன் தேக்சாவை
இறக்கித் தரையில் வைத்தாள்.
"தேங்கா அரைச்சியா?"
"இல்லக்கா."
"போய் அரைச்சிட்டு வா. பருப்ப நா பாத்துக்கறேன்."

தேங்காய், சீரகம், இரண்டு பச்சைமிளகாய்.
மிக்சியைக் கழுவிய தண்ணீரையும் விடாமல்
எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
காய் கண்ணாடியாய் வெந்திருந்தது.
அரைத்ததை ஊற்றினேன், உப்புப் போட்டேன்,
அக்கா தன் எண்ணெயில்
தன் கருவேப்பிலையைப் பொரித்துக் கொட்டினாள்.
நான் நினைத்திருந்தது உளுத்தம்பருப்பு.
அவள் போட்டது சின்ன வெங்காயம்.
அந்த மணத்துக்கு முன்னால்
நான் ஏன் வாயைத் திறக்கப்போகிறேன்.

அல்லி வந்தாள்.
மூன்று தடவை கை கழுவியும்
விரலில் டெட்டால் போகவில்லை.
சோற்றில் குழி பறித்து, கூட்டு ஊற்றி,
முதல் கவளம் வாய்க்குப் போனதும்
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள்.

"உப்பு?" என்றேன்.
"இருக்கு."
இன்னும் ஒரு கரண்டி சோறு இழுத்துக்கொண்டாள்.
"நிறையவே இருக்கு."

அப்போதுதான் உறைத்தது.
மாடியேறிய அந்த ஐந்து நிமிடத்தில்
அக்காவும் போட்டிருக்கிறாள்.

தட்டை வாங்கக் கை நீட்டினேன், தரவில்லை.
"பதினாலாம் பெட்டு பெரியவர்
ராத்திரி பூரா என் கோட்டைப் புடிச்சிக்கிட்டு
ஒரு கல்லு உப்பு குடும்மா,
ஒரே ஒரு கல்லுன்றாரு.
சார்ட்டுல உப்பில்லாம-ன்னு எழுதியிருக்கு.
எழுதினது நான்தான்."

பிறகு பேசவில்லை.
தண்ணீர் குடித்தாள். சாப்பிட்டாள்.
மறுபடி தண்ணீர் குடித்தாள்.
வழித்த தட்டில் அவள் விரல் போன பாதை
மட்டும் மிச்சம்.
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்,
எச்சில் கை காய, அதைத் தள்ளி நீட்டியபடி.

ஒரு கிண்ணத்தில் கூட்டை எடுத்துக்கொண்டு
மறுபடி கீழே போனேன்.
அக்கா நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.
"யாரு இது, ரெண்டாவது உப்பு?"
ஒரு உருளைக்கிழங்கை வேகவைத்து
மசித்துப் போடச் சொன்னாள்.
"எதுல வேகவைக்கிறதுக்கா?" என்றேன்.
சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

சிலிண்டர் புதன்கிழமைதான் என்கிறது மெசேஜ்.
நாளைக்கு முளைக்கீரை,
மறுநாள் கொத்தவரங்காய்.
உப்பு யார் போடுவது என்பதை
படிக்கட்டிலேயே நின்று
பேசி முடித்துக்கொண்டோம்.