ஆறு மில்லிமீட்டர்

விசிலில் ரத்தம் பட்டிருந்ததை
விரிஞ்சிபுரம் தாண்டித்தான் பார்த்தேன்.
சட்டையில் துடைத்து
மறுபடி ஊதினேன்.
பள்ளிகொண்டா இறங்குறவங்க முன்னாடி வாங்க.

அப்படியே ஓடியது எட்டு மாசம்.

குடியாத்தத்தில், மருந்துக்கடை மாடியில்,
டாக்டர் நஸ்ரீன் ஈறுக்குள் கம்பியை இறக்கிச் சொல்கிறார்,
கோமளா எழுதுகிறாள்:
மூணு. மூணு. நாலு. மூணு. ஆறு.
வாயைத் திறந்தபடி
நான் கூட்டிக்கொண்டிருந்தேன்,
பழக்கதோஷம்.

வலிக்கவே இல்லையே, என்றேன்.
வலிக்காமதான் போகும், என்றார்.

பாலாற்றுப் பாலம் ஞாபகம் வந்தது.
தினம் நாலு நடை கடக்கிறேன்.
லாரி லாரியாய் மணலை அள்ளிப் போனபோது
பாலம் ஒரு சத்தமும் போடவில்லை.
இப்போது தூண்களின் கால் தெரிகிறது,
வெயில் படக்கூடாத இடத்தில் வெயில்.

கீழ்வரிசையைச் சுரண்டித் துப்பச் சொன்னார்.
மஞ்சளாய், அரிசிக் குருணை அளவு.
இதுவா இத்தனை வருஷம்
டிக்கெட் இல்லாமல் என்னோடு வந்தது?

ராத்திரி பிரஷ் பண்றதுண்டா?
கடைசி நடை முடியப் பதினொன்று மேடம்.
பஸ்ஸைக் கழுவாமலா டிப்போவில் விடுவீங்க?
விடுவோம்.
சொல்லவில்லை.

ஆறு மாசத்துக்கு ஒருதரம் வரச்சொல்லி
சீட்டில் தேதி போட்டுத் தந்தார்.
பையில், சில்லறைக்கு அடியில் இருக்கிறது.

டிப்போ குழாயடியில்
நுரை வாயோடு நிற்கிறேன்.
டிரைவர் சிவப்பிரகாசம் பார்த்துச் சிரிக்கிறார்.
நடுவில் இரண்டு இடம் காலி.
எந்த ஸ்டாப்பில் இறங்கினார்களோ,
விசில் கேட்டதாய் அவருக்கு ஞாபகமில்லை.