பச்சை

லிவா சாலையில் வெளிச்சம் தீர்ந்த இடத்தில்
பிக்கப்பை நிறுத்தினோம்.
ஐந்துக்கு டூட்டி.
இரண்டேகால் வரை வானம்
எங்களைக் கண்டுகொள்ளவில்லை.
குல்சமான் ஸ்டியரிங்கிலேயே தூங்கிவிட்டான்.

அப்புறம் ஒன்று கிழித்துக்கொண்டு போனது.
"பச்சையப் பாரு, சட்டுனு பச்சையப் பாரு!"
பதறினான் இன்னாசி.
எரிநட்சத்திரம் கண்டவன்
மரத்தைப் பார்க்காவிட்டால் ஞாபகமறதி வருமாம்.

மரத்துக்கு எங்கே போக?
டாஷ்போர்டு கடிகாரத்தில் பச்சை எண்கள்:
2:17.
அடுத்ததற்கு 2:19.
அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல, 2:26.
வானத்துக்கும் வண்டிக்குமாகக் கழுத்து வலித்தது.

ஒன்பதாவது, வால் நீண்டது,
மணல்மேடு வரை வந்து அணைந்தது.
இன்னாசி திரும்பவில்லை.
"போகட்டும்டா,
கொஞ்சம் மறந்துதான் பாப்போமே."

காலையில் ஹெல்மெட் மாட்டும்போது கேட்டேன்,
ஏஜெண்டுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?
பைசா பிசகாமல் சொன்னான்.