தரா, தாரா

சென்லூயி ஆவணக் காப்பகத்தில்
மின்விசிறி பாதி நாள் ஓடாது.
ஆற்றின் உப்பு ஏறிய பதிவேடு,
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு, நாலாவது கட்டு.

அதிகாரி கேட்கிறான்: வேலிக்குப் பின்னால் என்ன?
பெயர் குறிக்கப்படாத ஒரு பெண் பதில் சொல்கிறாள்.
மூன்று மாதம் வொலோஃப் பழகிய எழுத்தன்
பிரெஞ்சில் எழுதுகிறான்: ஒன்றுமில்லை.
அடுத்த வரி, வேறு மை:
காலி இடம். கொளுத்தித் துப்புரவாக்கப்பட்டது.

அவளுடைய மௌனத்தைப் பற்றி
நாற்பத்தொரு பக்கம் எழுதிவைத்திருக்கிறேன்.
போர்தோவில் பேராசிரியர் ஓரத்தில்
"அபாரம்" என்று கிறுக்கியிருந்தார்.

நேற்றுத் தொலைபேசியில் தியெர்னோ அண்ணன்.
பையன் எங்கே என்றேன்.
பேருந்து இரைச்சலில் "தரா" என்று காதில் விழுந்தது.
ஒன்றுமில்லையா? என்ன ஒன்றுமில்லை?
கத்தினான்:
"தாரா, அராம், தாரா! ஓதப் போயிருக்கிறான்!"

பள்ளிக்கூடம்.
ஒரு நெடில் குறுகினால் போதும் எங்கள் மொழியில்,
பிள்ளைகள், மரப்பலகைகள், கரைத்துவைத்த மை
எல்லாம் இல்லாமல் போகும்.
எழுத்தன் காதுக்கு இரண்டும் ஒன்று.
என் காதுக்கும் நேற்று அப்படித்தான்.

இல்லை, அவள் "ஒன்றுமில்லை" என்றே சொல்லியிருக்கலாம்,
பிள்ளைகளை ஒளித்துவைக்க.
அப்படியானால் கூசாமல் பொய் சொன்னவள்.
எப்படிப் பார்த்தாலும்
வாய் திறந்திருக்கிறாள்.
நாற்பத்தொரு பக்கத்தை என்ன செய்ய?

மணி நாலரை. காப்பாளர் சாவிக்கொத்தை ஆட்டுகிறார்,
ஏதாவது கிடைத்ததா என்கிறார்.
"தரா" என்றேன்.
எவ்வளவு நீட்டிச் சொன்னேன் என்று
அவரைத்தான் கேட்கவேண்டும்.