சோத்தாங்கைப் பக்கம்

மணலி. இரவு ஷிஃப்ட்.
சோடியம் விளக்கு மஞ்சளாக நிலைக்கப் பத்து நிமிடம்.
அதுவரை கண்ணாடிக் குழாயைச் சாய்த்துச் சாய்த்து
ஒரே ஒரு குமிழியைப் புடைப்புக்குள் ஓட்டுகிறேன்.
வெளியே கண்டெய்னர் லாரிகள் எண்ணூர்ப் பக்கமாக வரிசை.
அதில் ஒன்று நமக்காக நிற்கிறது என்று
இரண்டு தடவை போன் செய்துவிட்டார் தணிகாசலம் சார்.

பூஜ்யம்.

கழுவி, நிரப்பி, மறுபடி பார்த்தேன்.
பூஜ்யம்.

இங்கே அதற்கு இரண்டு அர்த்தம்:
குழாயில் சரக்கே இல்லை,
அல்லது
சோத்தாங்கையும் பீச்சாங்கையும் சரிபாதி கலந்து
இது திருப்ப, அது திருப்ப,
ஒளி வந்த வழியிலேயே நேராகப் போய்விட்டது.

எடை சரி. உருகுநிலை கிட்டத்தட்ட சரி.
ஹெச்.பி.எல்.சி.யில் ஒரே கூம்பு, ஊசிபோல.
அவற்றுக்குக் கை தெரியாது,
நான் போட்டிருக்கும் நைட்ரைல் உறையைப் போல:
எந்தக் கையிலும் ஏறும்.
உடம்பு அப்படியில்லை,
கை பார்த்துத்தான் வாங்கும்.

கோப்பைப் புரட்டினேன்.
ஆய்வுக்கூடம் வரைந்த படத்தில்
நான்காம் கார்பனிலிருந்து ஒரு தடித்த ஆப்பு
தாளைவிட்டு என்னை நோக்கி எழுந்து நிற்கிறது.
கொள்முதலில் யாரோ அதை அழகாக மறுபடி வரைந்திருக்கிறார்கள்.
ஆப்பு வெறும் கோடாகிவிட்டது.
பெயருக்கு முன்னாலிருந்த எழுத்தும்
கட்டத்தில் இடம் போதாமல் போயிருக்கிறது.
சப்ளையர் கேட்டதைத்தான் அனுப்பினான்.
யாரும் நமக்கு ஆப்பு வைக்கவில்லை,
இருந்ததை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

“பாதி சரிதானே ஜெபசீலி? டோஸை ரெண்டு மடங்காக்கிட்டா?”
“மறுபாதி சும்மா இருக்கும்னு யார் சார் சொன்னது?”
போனில் கொஞ்ச நேரம் ஹாரன் மட்டும் கேட்டது.

படிவம்.
கரைப்பான் எத்தனால். செறிவு ஒன்று.
வெப்பம் இருபத்தைந்து
(ஏ.சி. நின்றபோது எழுதிய முப்பத்தொன்றை
ஒற்றைக் கோட்டால் அடித்து, கையெழுத்து, தேதி).
சுழற்சி பூஜ்யம்.
அமைப்பு என்ற கட்டத்தில்
ஆப்பு வரையப் பேனா போனது, பழக்கத்தில்.
நிறுத்தினேன்.
நான் பார்க்காத பக்கத்தை நான் வரையக் கூடாது.
ஒரு அலைக்கோடு போட்டேன்,
பிள்ளைகள் வரையும் கடல் மாதிரி நெளிவாக.
கைரல் காலம் மாதவரம் கிளையில் இருக்கிறது.
விடிந்ததும் ஆள் அனுப்ப வேண்டும்.

எட்டு டிரம்முக்கும் சிவப்பு ஸ்டிக்கர்.
விளக்கை அணைத்த பிறகும்
சுவர் கொஞ்ச நேரம் மஞ்சளாகவே இருந்தது.
கேன்டீனில் உப்புமா ஆறிக்கொண்டிருக்கும்.
உறைகளை உருவிப் போட்டுவிட்டுக் கை கழுவினேன்,
இரண்டையும்.