இருபது சோடிப் புருவம்

துண்டில ஆறாயிரம் எண்டு கிடக்கு.
எனக்கது ஆறாயிரமாய்த் தெரியேல்லை.
ஒரு சோடிப் புருவம் முந்நூறு ரூபாய்.
இருபது சோடி.
நாற்பது தரம் நூல் இழுபட,
நாற்பது கண்ணோரத்தில் துளிர்க்கிற தண்ணி,
"அக்கா, மெல்ல."

அதுக்கு மேல,
பரிசோதகர் வந்து பார்க்குமட்டும்
கடை பூட்டிக் கிடந்த செவ்வாயும் புதனும்.
போட்டோப் பிரதிக் காசு.
மருதனார்மடத்திலயிருந்து
ரெண்டு தரம் வந்து போன பஸ் காசு,
முதல் தரம் வந்தபோது நீங்கள் லீவு.

மூண்டாம் யன்னலில இண்டைக்கு இருந்தனீங்கள், அனுஷியா மிஸ்.
"போன வருசக் கட்டணம்தான், கூட்டேல்லை"
எண்டு நிமிர்ந்து பார்த்தீங்கள்.
உயர்ந்த அந்த இடது புருவம்
போன வெள்ளி நான் எடுத்தது.
நடுவில இருக்கிற பழைய தழும்பு
தெரியாத மாதிரி வளைச்சு விட்டனான்.
நல்லாத்தான் வந்திருக்கு.

என்னட்டை ஒரு கதிரை.
அது சுத்தாது.
கண்ணாடியின்ர உடைஞ்ச மூலையில
ஒட்டுப்பொட்டு ஒட்டி வைச்சிருக்கிறன்.
காங்கேசன்துறை வீதியில ஏசி பூட்டி
எட்டுக் கதிரை போட்ட சலூனுக்கும்
இதே ஆறாயிரம்.
ஒரு பொம்பிளையின்ர கொண்டைக்கே
அவைக்கு அதைவிடக் கூட வரும்.
சட்டத்துக்கு எல்லாரும் சமம் எண்டீங்கள்.
சமம்தான் மிஸ்,
கதிரையை எண்ணாத வரைக்கும்.

உரிமம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை.
ஒருத்தியின்ர தோலில பட்ட பிளேட்
இன்னொருத்தியில படக்கூடாது.
அதைப் பார்க்க ஒரு ஆள் வேணும்,
அந்த ஆளுக்குச் சம்பளமும் வேணும்.
ஆனால் கலாமதி கடையை மூடிப்போட்டு
பையோட வீடு வீடாய்ப் போறாள்.
அவளின்ர பிளேட்டை இப்ப ஆர் பார்க்கினம்?

மாதத்தையும் ஒருக்கால் பாருங்கோ.
தை முடிய முதல் கட்டட்டாம்.
மார்கழியில ஆர் கலியாணம் வைக்கினம்?
நத்தாருக்கு வந்த நாலு இளவாலைப் பெட்டையள்,
அவ்வளவுதான் அந்த மாதம்.
ஆவணியில கேளுங்கோ,
வெளிநாட்டுச் சனம் நல்லூருக்கு வந்து நிறையேக்கை,
விரலில நூல் வெட்டின காயத்தோட
சிரிச்சுக்கொண்டு கட்டுவன்.
இல்லாட்டி நாலாய்ப் பிரிச்சு வாங்குங்கோ.
சீட்டுக்காரப் பவளராணியே தவணை தாறா,
அவவின்ர வாய் உங்களுக்குத் தெரியும்.

பிந்தினால் பத்து வீதம் தண்டம்.
அது இன்னும் ரெண்டு சோடி.

டியூட்டறி விட்டு வாற பெட்டையளிட்டை
நான் இருநூறுதான் வாங்கிறனான்.
கனடாவில இருந்து வந்த மாமிமாரிட்டை ஐந்நூறு.
அதே நூல், அதே பவுடர்.
கணக்கில நான் பத்தாம் வகுப்பில சி.
எனக்கே தெரியுது.

நூலின்ர ஒரு நுனி பல்லில இருக்கிற தொழில் இது.
வேலை நடக்கேக்கை வாய் திறக்க ஏலாது.
பதினொரு தை மாதமும்
அதே பழக்கத்தில பல்லைக் கடிச்சுக்கொண்டு கட்டினனான்.
இண்டைக்கு நூலை விட்டிட்டன்.

"எழுதித் தாங்கோ, கூட்டத்துக்கு வைப்பம்" எண்டீங்கள்.
எழுதினன்: கதிரைக்கு ஏற்ற கட்டணம்,
நாலு தவணை, முதல் தவணை ஆவணி.
உங்கட பேனைதான். மை கக்கினது.
பின்னால நிண்ட சைக்கிள் கடை அருளானந்தம்
"தங்கச்சி, எனக்கும் அதில கொஞ்சம் இடம் விடும்" எண்டார்.
அவருக்குப் பின்னால வடைக்காரி.
அவவுக்குப் பின்னால ஆரெண்டு நான் திரும்பிப் பார்க்கேல்லை,
கை மட்டும் வந்துகொண்டிருந்தது.

கடைசியில தாளில இடமில்லை.
நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லை, மிஸ்.
தாளைத் திருப்பி
வெறும் பக்கத்தை எங்கட பக்கம் தள்ளி விட்டீங்கள்.