வடிகிற மூன்றடி

ஒரு நாளைக்கு ஐந்து முறை கேட்கிறோம்.
கழித்தல் ஐந்துக்கும் கூட்டல் ஐந்துக்கும் நடுவே
இப்போது மனசு எங்கே நிற்கிறது?

நீடாமங்கலம் இருதயராஜ்
நாங்கள் கொடுத்த போனைப் பெட்டி பிரிக்காமல் வைத்துவிட்டு
மதகின் நீர்மட்டப் பதிவேட்டிலேயே எழுதியிருந்தார்.
காலை ஆறு: மூன்றடி இரண்டங்குலம். கூட்டல் மூன்று.
ஒன்பதரை: மூன்றடி. கூட்டல் ஐந்து.
ஓரத்தில், ஷட்டருக்கு பெயின்ட் அடிக்க வந்தவர்களுக்கு
நாற்பது பரோட்டா, சொந்தக் காசு.
பிற்பகல் இரண்டு: கழித்தல் மூன்று.
ஐந்து மணிக்குத் தண்ணீரின் அளவு மட்டும்.
இரவு எட்டரை: கழித்தல் ஐந்து.
பேனா தாளைக் கிழித்திருந்தது.

தஞ்சாவூரில், ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில்
கணினி கூட்டி வகுத்தது.
சராசரி பூஜ்யம்.
சீரான நாள்.

புதன்கிழமை திருவாரூர் பஸ் பிடித்துப் போய்
அவரிடமே காட்டினேன். சிரிக்கவில்லை.
"ஸ்கேல்ல மூணடின்னா மூணடிதான் மேடம்.
ஏறுற மூணடியா வடியுற மூணடியான்னு
கல்லு சொல்லாது.
பக்கத்துலயே ஆளு நிக்கணும்."

கீழே வெண்ணாறு நுரைத்துக்கொண்டிருந்தது.
மாத்திரை? என்றேன்.
சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்,
பீடிக்கட்டும் அதில்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில்
படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாக வரைந்தேன்:
ஏற்றமா, வடிதலா.
அம்மாப்பேட்டையில் என் போனும் கேட்டது.
சோதித்துப் பார்க்க என் எண்ணையும் சேர்த்திருந்தோம்.
ஒன்று என்று அடிக்க ஒரு நொடி.
அதற்கு முன்னால் கூட்டலா கழித்தலா என்று
விரலை எடுக்காமல்
சாலியமங்கலம் வரை வந்துவிட்டேன்.